வரவேற்பறை கண்காட்சிக்குப் போன மே மாதம்

மே 2, வெள்ளி

சோபாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடவே இரண்டு கைநாற்காலி, கண்ணாடி அலமாரி, நடு மேஜை, அதன் மேல் விரிக்கும் பின்னல் துணி, சுவர்க் கடிகாரம், பழைய ரேடியோ. இப்போது வரவேற்பறையில் இருப்பது நானும் ஒரு பல்பும்.

பேத்தி யொனிதா கலைஞர். நுண்கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள். பேக்கரியில் சொல்லியாகிவிட்டது. மருந்துக்கடையிலும் சொன்னேன். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றார் கடைக்காரர். இன்னொரு தடவையும் கேட்பார், அவருக்கு என்ன நஷ்டம்? பழைய ஐஸ் ஃபேக்டரியில் பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது. அதில் அவளுக்கு ஒரு முழு அறை கொடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் அவள் வைக்கப்போவது என் வரவேற்பறை.

புதிதாக வாங்கி வைக்கக்கூடாதா என்று கேட்டேன். பழையதுதான் வேண்டுமாம். சரி, சோபாவின் பிளாஸ்டிக் உறையையாவது கழற்றலாம் என்று போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் மிக முக்கியமாம். ஐந்தாவது வரை படித்தவள் நான். பட்டம் வாங்கியவள் பிளாஸ்டிக் முக்கியம் என்றால் முக்கியம்தான்.

மே 4, ஞாயிறு

அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தேன். முதுகு வலி.

மகன் அக்ரோன் வந்திருந்தான். டைல்ஸ் போடுகிறவன், வேலையிடத்தில் அவனுக்கு ஆங்கெலோஸ் என்று கிரேக்கப் பெயர். கண்காட்சி எதைப் பற்றி என்று மகளைக் கேட்டான். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஏற்கெனவே இருந்தவர்கள், இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்பது பற்றி என்றாள் யொனிதா. தலைப்பு 'எல்லோருடைய வீடு'.

"வாடகை யாரு கட்டுறா?" என்றான்.

மே 9, வெள்ளி

வழக்கம்போல் பத்து மணிக்கு வாசோ அக்காவோடு காபி. முதல் மாடி. நான் அல்பேனியாவில் கோர்ச்சாப் பக்கத்திலிருந்து ஏதென்ஸுக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். இந்தக் கட்டடத்தின் படி துடைக்க வந்தேன். நானும் என் கணவரும் அக்ரோனும் தரைக்குக் கீழே உள்ள அறையில் இருந்தோம். ஜன்னலில் தெரிவது நடக்கிறவர்களின் செருப்பு. முதலில் வேலைக்குக் கூப்பிட்ட வீடு வாசோ அக்காவுடையது. அப்போது அம்மா என்று கூப்பிட்டேன். எப்போது அக்கா ஆனார் என்று ஞாபகம் இல்லை. இப்போது நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். சொந்த வீடு. "என் தலைமேல ஏறிட்டே" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

இரண்டு பேருக்கும் கணவர் இல்லை. அவர் வீட்டில் நான் வேலையை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் காபி குடித்ததும் கோப்பையைக் கழுவ என் கை தொட்டிக்குப் போய்விடும். அவர் தட்டிவிடுவார்.

கண்காட்சியில் தன்னைப் பற்றி ஏதாவது வருமா என்று கேட்டார்.

"வருது அக்கா. ரேடியோவுல என் குரல் பேசும். உங்க கதையும் இருக்கு."

"நல்லதாவா?"

"வேற எப்படி?"

என்ன உடுத்திக்கொண்டு போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மே 16, வெள்ளி

திறப்பு விழா. வாசோ அக்காவால் வர முடியவில்லை, முட்டி வீங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அந்த முட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் போலிருக்கிறது.

முதலில் நல்லதை எழுதுகிறேன். கூட்டம் நெரிந்தது. மேயர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். கண்காட்சியை நடத்துகிற ஃபீவோஸ் என்பவர் என் பேத்தியைத் தோளில் தட்டி ஐந்து பேருக்கு அறிமுகம் செய்தார். எண்ணினேன். ஒரு பையன் கூரையிலிருந்து நிறையச் சாவிகளைத் தொங்கவிட்டிருக்கிறான். எதுவும் எதையும் திறக்காதாம். ஜார்ஜியாக்காரப் பெண் ஒருத்தி தரையில் மாவு தூவி நாட்டு எல்லைகளை வரைகிறாள். ராத்திரி துடைத்துவிட்டுக் காலையில் மறுபடி வரைவாளாம். துடைக்கிற பாதி எனக்குத் தெரியும்.

அப்புறம் என் அறை. எல்லாம் வீட்டில் இருந்தபடியே இருந்தது. அலமாரியில் தூசி. கைக்குட்டையை எடுத்தேன்.

"தொடாதீங்கம்மா" என்றார் காவலாளி. தனாசிஸ் என்று பெயர், முன்பு பஸ் ஓட்டியவர். "கலைப்பொருள்."

"என் அலமாரி."

"இருக்கலாம். தொடக்கூடாது."

ரேடியோவிலிருந்து என் குரல் வந்தது. மார்ச் மாதம் ஞாயிறுதோறும் யொனிதா அடுப்படியில் போனை வைத்துக் கேள்வி கேட்டாள், அதுதான். ஒரு இடத்தில் இப்படி வருகிறது:

"முதல் நாள் அந்த வீட்டம்மா பேர் கேட்டாங்க. நஸ்மியேன்னு சொன்னேன். அதெல்லாம் வாயில நுழையாது, நீ எலேனியா இரு, எங்க நாத்தனார் பேருன்னாங்க. அன்னைலேர்ந்து நான் எலேனி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடிகாரச் சத்தம் மட்டும். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அங்கே நிறுத்தவே இல்லையே! மேலே சொன்னேன். வாசோ அக்காவுக்கு அந்த நாத்தனாரைக் கண்டாலே ஆகாது. 'எலேனி, படியைத் துடை', 'எலேனி, இன்னும் அழுத்தித் தேய்' என்று அக்கா அத்தனை ஆசையாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான் என்று பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். யொனிதாவிடம் சொல்லும்போதும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று?

மே 17, சனி

யொனிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெட்டிவிட்டாளாம். சிரிப்பு வந்தால் கேட்கிறவர்கள் நடந்ததை மறந்து தப்பித்துக்கொள்வார்களாம்.

வாசோ அக்கா கேட்டால் என்ன நினைப்பார்? மீதியைச் சேர் என்றேன். "இது என் வேலை பாட்டி" என்றாள். என் குரல், என் கதை, என் சோபா, அவள் வேலை. போனை வைத்துவிட்டேன். பிறகு கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

வாசோ அக்காவுக்கு முட்டி சீக்கிரம் சரியாகக்கூடாது.

மே 19, திங்கள்

முட்டி சரியாகிவிட்டது.

மே 20, செவ்வாய்

நாளைக்குப் புனித எலேனி நாள். இங்கே ஒரு புனிதரின் பெயர் உள்ளவர்களுக்கு அந்தப் புனிதரின் நாள்தான் விருந்து நாள், அதனால் என் பெயர் நாள். பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாங்களாக வருவார்கள், கதவு திறந்திருக்க வேண்டும். வராதீர்கள் என்று சொல்வது வீட்டில் சாவு விழுந்தால்தான். என் வீட்டில் யாரும் சாகவில்லை. நாற்காலிதான் இல்லை. செர்ரிப் பாகு எடுத்து வைத்தேன். எங்கள் ஊர்ப் பலகாரம், கீரை அடைத்த பைரெக் சுட்டேன். நின்றுகொண்டு சாப்பிடட்டும்.

மே 21, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் தூக்கம் வராது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசோ அக்கா கட்டடத்துப் பெண்கள் எட்டுப் பேரோடு வந்தார். கையில் இனிப்புப் பெட்டிகள். நூறு வருஷம் இரு எலேனி, நூறு வருஷம் இரு. உள்ளே வந்தார்கள். பல்பைப் பார்த்தார்கள்.

"சோபா எங்கேடி?"

"கண்காட்சியில அக்கா. சொன்னேனே."

"சோபாவுமா? ரேடியோ மட்டும்னு நினைச்சேன்." வாசல் பக்கம் திரும்பினார். "அப்போ அங்கே போவோம். பெயர் நாள் சோபா இருக்கிற இடத்துலதானே?"

வேண்டாம் என்று எத்தனையோ சொன்னேன். மழை வரும் என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மூன்று டாக்ஸி வந்துவிட்டது. பைரெக் தட்டு என் மடியில், பாகும் லிக்கரும் கோப்பைகளும் பையில்.

காவலாளி தனாசிஸ் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்றார். இன்றைக்கு இந்த அம்மாவின் பெயர் நாள், இது இவருடைய வரவேற்பறை, வந்தவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவது எந்த ஊர் மரியாதை என்று வாசோ அக்கா கேட்டார். தனாசிஸும் இந்த ஊர்க்காரர்தானே? "என் வேலை போயிடும்" என்று முனகிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். ஒரு பைரெக் கொடுத்தேன்.

பெயர் நாளன்று மட்டும் சோபாவின் பிளாஸ்டிக்கைக் கழற்றுவது வழக்கம். கழற்றினேன். மடித்து நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். தனாசிஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டில் செர்ரிப் பாகு, சின்னக் கோப்பையில் லிக்கர். கண்காட்சி பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். நின்றுகொண்டிருப்பவர்களை எப்படி விடுவது? ஃபீவோஸ் ஓடிவந்து பார்த்துவிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. அந்த இடம் வரும்போது நான் சத்தமாகப் பேசினேன். முதல் தடவை செர்ரி விலை பற்றி. இரண்டாவது தடவை என் ரத்தக் கொதிப்பு பற்றி. மூன்றாவது தடவை பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்னைலேர்ந்து நான் எலேனி, என்றது ரேடியோ. கடிகாரச் சத்தம். பெண்கள் எல்லோரும் வாசோ அக்காவைப் பார்த்தார்கள். முதல் வீட்டம்மா யார் என்று இந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை.

"மீதி எங்கே?" என்றார் அக்கா. "நாத்தனார் கதை?"

"வெட்டிட்டா அக்கா."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வேன்? கேட்கிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்றா? நீங்கள் செய்ததை மறந்துவிடுவார்கள் என்றா? அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"முன்னாடி ஒரு பேர் சொல்லுதே. என்ன அது?"

"நஸ்மியே."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது எலேனி என்ற பெயருக்காக. இந்தப் பெயர் அவருக்கு ஞாபகமே இல்லை. அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு டாக்ஸி கூப்பிடுங்க" என்றார்.

ஃபீவோஸ் கைதட்டினார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள்.

மே 22, வியாழன்

பத்து மணிக்குத் தட்டினேன். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தார். திறக்கவில்லை.

மே 23, வெள்ளி

திறக்கவில்லை.

மே 25, ஞாயிறு

பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது. தட்டும் கையுமாக நிற்கிறேன். கீழே 'கலைஞரின் பாட்டி' என்று போட்டிருக்கிறது. கண்காட்சியிலேயே மறக்க முடியாத நிகழ்ச்சி என்றும், பாட்டி ஒரு சொல் பேசாமல் பிளாஸ்டிக்கைக் கழற்றியது மிக ஆழமானது என்றும் எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் தானாகவே எனக்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார்.

படத்தின் ஓரத்தில் வாசோ அக்காவின் முதுகு தெரிகிறது. மடித்து மேஜையில் வைக்கலாம் என்று பார்த்தேன். மேஜை இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

யொனிதா வந்தாள். பத்து நாளாக என் முகத்தில் விழிக்கப் பயந்திருக்கிறாள். சோறு போட்டேன், அவள் சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தேன். தெருவில் எனக்கு இருந்த ஒரே அக்காவை ரேடியோவில் வைத்து அவமானப்படுத்திவிட்டாய், மீதியைச் சேர்க்காவிட்டால் என் சோபாவைத் திருப்பிக் கொண்டுவா என்றேன். அக்ரோனை அனுப்பி நானே எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. என் பேத்தி, அழமாட்டாள்.

"பாட்டி, ஒண்ணு கேக்குறேன். தொண்ணூத்து மூணுல, அந்த அம்மா உன் பேரை மாத்தினப்போ, சிரிச்சியா?"

"அன்னைக்கு எங்கேடி சிரிச்சேன்?"

"நாத்தனார் கதையில ரெண்டு எலேனி இருக்காங்க. நஸ்மியே எங்கே?"

பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன். அவளும் வந்து துடைத்தாள். அவள் சொல்வது தப்பு என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வாசோ அக்கா என் கணவர் செத்தபோது மூன்று நாள் துணைக்கு என் வீட்டில் படுத்திருந்தார். அதை எந்த ரேடியோவில் போடுவது?

கடைசியில் இதைத்தான் சொன்னேன். அன்றைக்குச் சிரிக்காதவளும் நான்தான், பிற்பாடு சிரித்தவளும் நான்தான். நீ ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவளை வெளியே நிறுத்திவிட்டாய். எல்லோருடைய வீடு என்று வேறு போட்டிருக்கிறாய்.

போகும்போது பைரெக் எடுத்துக்கொண்டு போனாள். முழுத் தட்டையும்.

ஜூன் 5, வியாழன்

யொனிதா போன் பண்ணினாள். மீதியைச் சேர்த்துவிட்டாளாம். ஆனால் 'அன்னைலேர்ந்து நான் எலேனி' என்பதற்கும் நாத்தனார் கதைக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் கடிகாரச் சத்தத்தை வைத்திருக்கிறாளாம். அந்த இடைவெளியை மட்டும் எடுக்கச் சொல்லாதே பாட்டி என்றாள்.

சரி என்றேன். இடைவெளி இருந்தது உண்மைதானே?

முதல் மாடியில் சொல்லலாம் என்று இறங்கினேன். கதவருகில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது? ஏறிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

விடுமுறை. கண்காட்சியை மாதக் கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். என் சோபா இல்லாமல் முடிக்க மனமில்லை போலும். தூசி எப்படி இருக்கிறது என்று பார்த்துவரப் போனேன்.

தனாசிஸுக்கு வேலை போகவில்லை. என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"உங்க கூட வந்த அந்த வயசான அம்மா தெனமும் வராங்க. டாக்ஸியில."

"யாரு, வாசோவா?"

"பேர் தெரியாது. வந்து சோபாவுல உட்கார்ந்துக்குறாங்க. உட்காரக்கூடாதுன்னு சொன்னா கைத்தடியைக் காட்டுறாங்க. ரேடியோ சத்தத்தைக் கூட்டுங்குறாங்க. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு வாயசைக்கிறாங்க. ஜெபம் பண்றாங்களோ என்னவோ."

அலமாரியைத் துடைக்கத் தோன்றவில்லை. வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பத்து மணிக்குத் தட்டவில்லை. அவர் கண்காட்சிக்கு எப்போது போகிறாரோ, நான் குறுக்கே நிற்கவேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் மணி அடித்தது. அக்ரோன் என்று நினைத்து, தலையில் துண்டோடு போய்த் திறந்தேன். வாசோ அக்கா. நீல உடை, காதில் தோடு, கையில் ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டி.

"இன்னைக்கு என்ன நாள்?"

"ஞாயித்துக்கிழமை."

"எல்லாப் புனிதர்களோட நாள். தன் பேருக்குன்னு புனிதர் இல்லாதவங்க எல்லாரும் இன்னைக்குத்தான் பெயர் நாள் வெச்சுக்குவாங்க. தெரியாதா? முப்பது வருஷமா இந்த ஊர்ல என்ன பண்ணினே?"

"படி துடைச்சேன் அக்கா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி நின்றார்.

"நூறு வருஷம் இரு, நஸ்மியே."

தவறான இடத்தில் அழுத்திச் சொன்னார். நான் திருத்தவில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்பதுபோல் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன். மகனுக்கு அம்மா, பேத்திக்குப் பாட்டி, தெருவுக்கு எலேனி. என் கணவர் போன பிறகு இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அடுப்படியில் உட்கார்ந்தோம். கொடுக்க ஒன்றும் இல்லை. அவர் கொண்டுவந்ததையே அவருக்குத் தட்டில் வைத்தேன். பாதி சாப்பிட்டபின் பேசினார். அவருடைய அம்மா சின்னப் பிள்ளையாகத் துருக்கிப் பக்கத்து ஸ்மிர்னாவிலிருந்து அகதியாகக் கப்பலில் வந்தவர். கிரேக்கர்தான், ஆனாலும் அவரை இந்த ஊரில் துருக்கி விதை என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அதை உன்கிட்ட எத்தனை தடவை சொல்லி அழுதிருக்கேன். எதிர்லயே உட்கார்ந்து கேட்டுட்டு, உன் பேரைப் பத்தி நீ வாயைத் திறந்திருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலையே அக்கா."

"கேக்கல" என்றார். மீதி இனிப்பைச் சாப்பிட்டு முடித்தார். ரேடியோவில் சிரிப்பு புதிதாக வந்திருக்கிறதே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்டார். உங்களைத்தான் என்றேன். அது போதும் என்றார். என் பேத்தி கெட்டிக்காரி, ஆனால் சோபாவின் ஸ்பிரிங் போய்விட்டது, அதையும் யாராவது அவளிடம் சொல்லவேண்டும் என்றார்.

தட்டை எடுக்கப் போனேன். அவர் எழுந்து தொட்டியருகில் போய்க் குழாயைத் திறந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

வாசலில் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு, "நாளைக்குக் காபிக்கு வந்துடு எலேனி" என்றார்.

பத்து மணிக்குப் போகவேண்டும்.